எச்சரிக்கைப் பட்டியலும் அறப்பொறுப்பும்

குளிர்காலத்தில் ஒரு கட்டடத்தின் எந்த அறை குளிர்கின்றது, எந்த அறை புழுங்குகின்றது என்பதை அறியவேண்டுமாயின் ஒருவர் அறை அறையாகச் சென்று பார்ப்பதைத் தவிர வேறு வழி ஒருகாலத்தில் இருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே வைற்வோட்டர் என்னும் ஊரிலிருந்த ஆசிரியர் கல்லூரியிலும் இதுவே வழக்கமாயிருந்தது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பணியாள் உள்ளே வந்து வெப்பமானியை நோக்குவார். பின்னர் நிலவறைக்கு இறங்கிச் சென்று, வெப்பக் காற்று வரும் வழியைத் திறப்பார் அல்லது அடைப்பார். இவ்விடையூற்றைப் பொறாத வோரன் ஜோன்சன் என்னும் பேராசிரியர், அறையின் வெப்பநிலை மாறும்போது நிலவறையிலே மணி ஒலிக்கச் செய்யும் மின்கருவியொன்றை ஆக்கி, 1883ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கட்டடங்களின் தன்னியக்கக் கட்டுப்பாட்டு வரலாற்றைக் கூறுவோர் பலர் இக்கருவியிலிருந்தே தொடங்குவது வழக்கம்.

வரலாறு கூறுவோர் கருவியை மெச்சுவர். அறவியல் நோக்கில் கவனிக்கத்தக்கது அக்கருவியினால் பணியாளின் நிலையில் ஏற்பட்ட மாற்றமாகும். மணி வருமுன்னர் அவர் பார்ப்பவராக இருந்தார். மணி வந்தபின்னர் கேட்பவரானார். அறைக்குள் வந்து பார்ப்பவர் வெப்பமானியோடு நின்றுவிடமாட்டார். உடைந்த யன்னற் கண்ணாடியும் அவர் கண்ணிற் படும். மூலையில் நடுங்கிக்கொண்டிருக்கும் மாணவியும் படுவாள். மணியோ தனக்குச் சொல்லப் பணிக்கப்பட்ட ஒன்றையே சொல்லும். இவ்விழப்பு சிறிதன்று. எனினும் ஜோன்சனின் மணிக்கு ஒரு செவி இருந்தது. மணி ஒலித்தும் அறை குளிர்ந்தபடியே கிடந்ததாயின் யாரை அழைத்துக் கேட்பது என்பதில் அக்கல்லூரியில் எவருக்கும் ஐயம் எழுந்திராது.

இன்றைய பெருங்கட்டடமொன்றில் ஒலிக்கக்கூடிய மணிகள் ஆயிரக்கணக்கானவை. குளிரூட்டும் பொறிகள், விசிறிகள், நீர்ப்பம்பிகள், மின்னுயர்த்திகள், மருந்துக் குளிரறைகள், ஆய்வுகூடங்களின் நச்சுக்காற்றை வெளியேற்றும் குழாய்கள் ஆகிய ஒவ்வொன்றும் தன் நிலையை அறிவித்தவண்ணம் இருக்கின்றன. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இச்சாதனங்கள் ஒன்றோடொன்று உரையாடுவதற்குப் பொதுமொழி வேண்டப்பட்டது. அமெரிக்காவின் குளிரூட்டற் பொறியியலாளர் சங்கம் 1987இல் இம்முயற்சியைத் தொடங்கி, 1995இல் பாக்நெற் எனப்படும் நியமத்தை வெளியிட்டது; 2003இல் அது சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. சாதனங்கள் எவ்வாறு எச்சரிக்கை எழுப்பவேண்டும், எழுப்பப்பட்டவற்றை எவ்வாறு பட்டியலிட்டுப் பெறலாம், கண்டவர் எவ்வாறு ஒப்புகை தரவேண்டும் என்பவற்றையெல்லாம் அந்நியமம் வரையறுத்துள்ளது. அப்பட்டியலைப் படிப்பவர் நெடுங்காலமாகக் கட்டுப்பாட்டறையில் அமர்ந்திருந்த மனிதரே. அண்மைக் காலத்தில் அவ்விடத்திற் செயற்கை நுண்ணறிவு முகவர்களையும் அமர்த்தத் தொடங்கியுள்ளனர். மொழியைக் கையாளும் கணினி மாதிரியொன்று பட்டியலைக் கேட்டுப் பெற்று, படித்து, எது அவசரமானது என்று தீர்மானித்து, சிலவேளை தானே பொறியின் அமைப்பையும் மாற்றுகின்றது.

இம்முகவருக்குக் கண் இல்லை. அதற்குக் கொடுக்கப்படுவன கருவிகள். கருவி என்று ஈண்டுக் குறிக்கப்படுவது மென்பொருளின் ஒரு சிறு வாயிலாகும். அதற்கு ஒரு பெயர் உண்டு. அது என்ன செய்யும் என்பதைக் கூறும் சில வாக்கியங்கள் உண்டு. எவ்வெவற்றைக் கேட்கலாம் என்ற விபரம் உண்டு. 2024 நவம்பரில் அன்ட்ரொபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மொடல் கொன்ரெக்ஸ்ற் புரொட்டொகோல்’ என்னும் நெறிமுறை இவ்வமைப்பைப் பலரும் பின்பற்றும் பொதுவழக்காக்கியது. எச்சரிக்கைகளைப் பட்டியலிடும் கருவி இத்தகைய வாயில்களுள் மிக எளியது. அதற்குரிய விளக்கக் குறிப்பை ஒரு பொறியியலாளர் அரைமணி நேரத்தில் எழுதி முடிக்கலாம். அவ்வாறு எழுதப்படும் நான்கைந்து வாக்கியங்கள் வெறுந் தொழினுட்பக் குறிப்புத்தானா, அல்லது எழுதியவரை அறவழியிலும் கட்டுப்படுத்தும் கூற்றா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி அதிகாலையில் பென்சில்வேனியாவின் மூன்றுமைற்றீவு அணுமின் நிலையத்தில் நிகழ்ந்ததைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நான்கு மணியளவில் இரண்டாம் உலைக்கு நீர் ஊட்டும் பம்பிகள் நின்றன. உலையின் அமுக்கம் கூடியது. கூடிய அமுக்கத்தை வெளியேற்றுவதற்கென அமைந்த வால்வு தானாகத் திறந்தது. சில வினாடிகளில் அது மூடியிருக்கவேண்டும், மூடவில்லை. திறந்த வாயினூடாக உலையைக் குளிர்விக்கும் நீர் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டறையில் அந்த வால்வுக்கென ஒரு விளக்கு இருந்தது. வால்வு திறந்திருந்த அவ்வளவு நேரமும் அவ்விளக்கு அணைந்தே கிடந்தது. அணைந்த விளக்கை மூடிய வால்வு என்றே பணியிலிருந்தோர் பொருள்கொண்டனர்.

விளக்கு பழுதடைந்திருக்கவில்லை. அது தன் கடமையைச் சரியாகவே செய்தது. வால்வை மூடுமாறு மின்கட்டளை சென்றதா என்பதைக் காட்டுமாறே அதனை அமைத்திருந்தனர். கட்டளை சென்றிருந்தது, ஆகவே விளக்கு அணைந்தது. கட்டளை நிறைவேறியதா என்பதை அறியும் ஆற்றல் அதற்கு அளிக்கப்படவில்லை. விளக்கைப் பார்த்தவர்களோ நிகழ்வைப் பார்ப்பதாக எண்ணினர். ஒரு விளக்கின் கீழ் எழுதப்பட்டிருக்கவேண்டிய ஒரு வாக்கியம் எழுதப்படாமற் போயிற்று என்று இதனைச் சுருக்கிக் கூறினால் மிகைப்படக் கூறியதாகத் தோன்றலாம். அவ்விபத்துக்குக் காரணங்கள் பல. பயிற்சிக் குறைவும் நிருவாகத்தின் கவலையீனமும் அவற்றுட் சேர்ந்தவையே. ஜோன் கெமெனியின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு அதே ஆண்டு ஒக்டோபரில் அவற்றை விரிவாக எடுத்துரைத்தது. ஆயினும் கட்டளையை நிகழ்வாகக் காட்டிய அவ்விளக்கு ஏனைய காரணங்கள் எல்லாவற்றுக்கும் இடங்கொடுத்த வாயிலாக இருந்தது என்பதை மறுத்தல் அரிது.

அவ்விரவின் மற்றொரு செய்தியும் ஈண்டு நேரடியாகப் பொருந்துவது. முதற் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன. அவற்றைப் பட்டியலாக அச்சிடுவதற்கெனக் கணினியோடு இணைந்த அச்சுப்பொறியொன்று இருந்தது. எச்சரிக்கைகள் அது அச்சிடும் வேகத்தை மீறிப் பெருகியமையால் ஒருகட்டத்திற் பட்டியல் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாகப் பின்தங்கியது. தாளில் வந்துகொண்டிருந்தவை உண்மைகளே. ஆனாற் கழிந்துபோன உண்மைகள். அந்த எச்சரிக்கைப் பலகை தமக்குப் பயன்படும் எதனையும் கூறவில்லை என்றும், அதைத் தூக்கி எறிந்துவிடத் தோன்றியது என்றும் பணியிலிருந்த ஒருவர் பின்னர் சாட்சியமளித்தார். தம்மைக் காப்பதற்கென அமைக்கப்பட்ட ஒன்றின்மீது மனிதனுக்கு அத்தகைய வெறுப்பு எழுமாயின் அமைத்தவர் அதைக் குறித்துச் சிந்திக்கக் கடமைப்பட்டவர்.

நிற்க. மூன்றுமைற்றீவில் இருந்தவர்கள் மனிதர்கள். விளக்கை ஐயுற்று வேறு கருவிகளை நோக்கவும், குழாயின் வெப்பத்தை விசாரிக்கவும், அயலில் உள்ளவரை அழைத்து வினவவும் அவர்களுக்கு வழி இருந்தது. இறுதியில், காலையிற் பணிக்கு வந்த புதியவர்கள் தெளிந்த கண்ணோடு நோக்கியபின்னரே நீர் வெளியேறிய வழி அடைக்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவு முகவருக்கு அவ்வழிகள் இயல்பாக வாய்ப்பதில்லை. கருவிக் குறிப்பு எதைச் சொல்கின்றதோ அதுவே அக்கருவியைப் பற்றிய அதன் அறிவு. முன்னைக்காலத்துக் கையேடு, தானும் சென்று பார்க்கக்கூடிய ஒருவருக்குத் துணையாக எழுதப்பட்டது. இக்குறிப்போ சென்று பார்க்கவியலாத ஒன்றுக்கு உலகமாக அமைகின்றது. ஒரு சிறு உதாரணம் காட்டலாம். பாக்நெற் நியமத்தில் எச்சரிக்கையின் முன்னுரிமை 0 முதல் 255 வரையான எண்ணாற் குறிக்கப்படும். அவற்றுள் 0 என்பதே மிக அவசரமானது. பெரிய எண் பெரிய ஆபத்து என்று கொள்வது எவருக்கும் இயல்பு. குறிப்பில் இதனை ஒரு வரியிற் கூறாதுவிட்டால், தீப்புகையை அறிவிக்கும் எச்சரிக்கையைக் கடைசியிலும், வடிகட்டியை மாற்றவேண்டும் என்ற அறிவிப்பை முதலிலும் வைத்து, முகவர் மிக ஒழுங்காக வேலைசெய்துகொண்டிருக்கும்.

எண்ணின் ஏற்ற இறக்கம் எளிதில் திருத்தக்கூடிய விடயம். பட்டியல் வெறுமையாக வரும்போது என்ன பொருள் என்பதே கடினமானது. ‘எச்சரிக்கை எதுவும் இல்லை’ என்று கருவி விடை தந்தால், கட்டடத்தில் ஆபத்து இல்லை என்று கொள்ளலாமா?

இது இந்தியத் தத்துவ மரபிற் பழகிய வினாவாகும். நிலத்திற் குடம் இல்லை என்பதை எவ்வாறு அறிகின்றோம் என்று நம்மவர் வினவினர். குமாரிலபட்டரின் வழிவந்த மீமாம்சகர் இன்மையை அறிதற்குத் தனியொரு பிரமாணம் வேண்டும் எனக் கொண்டு அதனை அனுபலப்தி என்றனர். பிரபாகரரின் வழியினர் அதனை மறுத்தனர். மணிமேகலையில் வைதிகவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்றாக எண்ணப்படுகின்றது. சிவஞானசித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடக்கும். கொள்கைகள் இவ்வாறு வேறுபட்டபோதும், அனுபலப்தியை ஏற்றோர் விதித்த நிபந்தனையொன்று கவனிக்கத்தக்கது. காணாமை மட்டும் இன்மைக்குச் சான்றாகாது. பொருள் அங்கு இருந்திருக்குமாயின் அது கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற தகுதி இருந்தாலே காணாமை சான்றாகும். பகல் ஒளியில் வெறுந்தரையைப் பார்ப்பவன் குடம் இல்லை எனக் கூறலாம். இருட்டில் நிற்பவன் கூறலாகாது. பிசாசைக் காணவில்லை என்பதனால் பிசாசு இல்லை என்றும் நிறுவிவிட முடியாது. காணப்படும் தகுதி அதற்கு இல்லை என்றே அவர்கள் வாதித்தனர்.

எச்சரிக்கைப் பட்டியல் எத்தனை வகையில் இருட்டாகலாம் என்பதை எண்ணிப்பார்த்தால் இந்நிபந்தனையின் அருமை விளங்கும். சாதனத்தோடு தொடர்பு அறுந்திருக்கலாம். அந்தப் பொறிக்கு எச்சரிக்கை எழுப்பும் வசதியையே எவரேனும் நிறுத்தி வைத்திருக்கலாம். கருவி இயல்பாகவே ஒப்புகை பெறாதவற்றை மட்டும் தருவதாக அமைந்திருக்கலாம். அப்போது நேற்று ஒருவர் ஒப்புகை தந்துவிட்டு மறந்துபோன எச்சரிக்கை, இன்னும் தீராத நிலையிலேயே, பட்டியலுக்கு வெளியே கிடக்கும். முகவருக்குக் கட்டடத்தின் ஒரு பகுதியைப் பார்க்கும் அனுமதி இல்லாதிருக்கலாம். பட்டியல் முதல் ஐம்பதோடு வெட்டப்பட்டிருக்கலாம். இக்கடைசிக் குறையைப் பாக்நெற்றை ஆக்கியோர் முன்னரே எண்ணியிருந்தனர்; விடையோடு ‘இன்னும் உள’ அல்லது ‘இவ்வளவே’ என்று அறிவிக்கும் குறியொன்றையும் சேர்த்து அனுப்புமாறு விதித்தனர். அதன்மேற் புதிதாக ஒரு கருவியைக் கட்டுபவர் அக்குறியைப் பயனற்றதெனக் கருதி நீக்கிவிட்டால், அவர் எழுதிய குறிப்பில் ஒரு பொய்யான சொல்லும் இல்லாமலே பொய் ஒன்று உருவாகிவிடுகின்றது. ‘நடப்பிலுள்ள எச்சரிக்கைகள் அனைத்தையும் தரும்’ என்று எழுதுவது எளிது. அந்த ‘அனைத்தும்’ என்ற சொல்லுக்குரிய தகுதியை அவர் சோதித்தாரா?

அளவை நூலோர் சாட்சியின் கூற்றையும் சாட்சியின் தகுதியையும் வேறுபிரித்தே நோக்குவர். இவ்வேறுபாடு பாக்நெற்றிலும் உண்டு என்பது வியப்பைத் தருவது. அங்கு இயல்பு நிலையினின்று பிறழ்ந்தது என்பது ஒரு நிலை. பழுது என்பது இன்னொரு நிலை. முன்னையதில் உணரி நம்பத்தக்கது, உலகம் கெட்டுள்ளது. பின்னையதில் உலகம் எப்படியோ, உணரியை நம்புவதற்கில்லை. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளாய் ஒரேபோலத் தோன்றும். குளிரறை வெப்பமடைந்துவிட்டது என்பதற்கும், குளிரறை எவ்வாறுள்ளது என்று தெரியவில்லை என்பதற்கும் எழவேண்டிய செயல்கள் வேறு. இவற்றோடு, திருத்தவேலைக்காகச் சாதனத்தைச் சேவையிலிருந்து நீக்கிவைக்கும் வசதியும் உண்டு. அந்நிலையிற் சாதனம் காட்டும் எண்ணுக்கும் உண்மையான அளவுக்கும் தொடர்பில்லை. திருத்த வந்தவர் அதை மீளச் சேர்க்க மறந்து வீடு சென்றுவிட்டால், எண் மட்டும் நாட்கணக்கில் அமைதியாக நின்றுகொண்டிருக்கும்.

இவ்வளவையும் கேட்டபின், எச்சரிக்கைகளைப் படிக்கும் பொறுப்பை மனிதரிடமே விட்டுவிடலாமே என்று ஒருவர் கூறக்கூடும். அக்கூற்றில் நேர்மை குறைவு. 1994 யூலை 24இல் வேல்ஸ் நாட்டின் மில்போட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையில் வெடிப்பு நிகழ்ந்தது. 26 பேர் காயமடைந்தனர். வெடிப்புக்கு முந்திய 11 நிமிடங்களில் அங்கிருந்த இரு இயக்குநர்கள் 275 எச்சரிக்கைகளைக் கண்டு, ஒப்புகை தந்து, செயற்படவேண்டியிருந்தது. திறந்திருப்பதாகத் திரையிற் காட்டப்பட்ட வால்வொன்று அங்கும் உண்மையில் மூடியே இருந்தது. மூன்றுமைற்றீவின் பிழை தலைகீழாகத் திரும்பி வந்ததுபோலும். இரண்டு மனிதரின் நான்கு கண்களிடம் இதனை எதிர்பார்த்தமை அறமாகாது. பிரித்தானியப் பொறியியற் பயனாளர் சங்கமொன்று 1999இல் வெளியிட்ட வழிகாட்டி, இயல்பான வேளையில் ஓர் இயக்குநர் தாங்கக்கூடியது சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு எச்சரிக்கையே என்று வரையறுத்தது. மருத்துவமனைகளின் நிலை இதனினும் துன்பமானது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குச் சான்றளிக்கும் கூட்டு ஆணையம், 2009 ஜனவரி முதல் 2012 யூன் வரை எச்சரிக்கை மணிகளோடு தொடர்புடைய 98 நிகழ்வுகள் தனக்கு அறிவிக்கப்பட்டதாகவும், அவற்றுள் 80 மரணத்தில் முடிந்ததாகவும் 2013இல் வெளியிட்டது. ஓயாத மணியோசைக்குத் தாதியரின் செவி பழகிவிடுகின்றது. அதனை அவர்களின் குற்றமாகக் கூறுபவர் ஓர் இரவேனும் விடுதியில் நின்று பார்த்தல் நன்று.

ஆகவே களைப்படையாத ஒன்று பட்டியலைப் படிக்குமாயின் அது வரவேற்கத்தக்கதே. இருநூற்றெழுபத்தைந்து வரிகளை ஒரு நொடியிற் படித்து, இவை யாவும் ஒரே வால்விலிருந்து புறப்பட்டவையாக இருக்கலாம் என்று கூறக்கூடிய துணைவன் மில்போட் ஹேவனில் இருந்திருந்தால் அந்நாள் வேறுவிதமாக முடிந்திருக்கக்கூடும். ஆனால் வரிசைப்படுத்துதல் என்பது தீர்ப்பு வழங்குதலின் ஒரு வகை என்பதை மறந்துவிடலாகாது. எது முதலில், எது பின்னர், எது பட்டியலிலேயே இடம்பெறத் தகாதது என்று வகுப்பவன் யாருடைய முறைப்பாடு கேட்கப்படும் என்பதையும் வகுக்கின்றான்.

எல்லாளன் கதையை இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். அநுராதபுரத்தில் நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆண்ட இம்மன்னன், தன் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்றைத் தொங்கவிட்டு, நீதி வேண்டுவோர் எவரும் இழுக்கக்கூடியதாக நீண்ட கயிற்றையும் அதிற் கட்டியிருந்தான் என்று மகாவமிசம் கூறுகின்றது. கன்றை இழந்த பசு அம்மணியை ஒலித்த கதையை எல்லோரும் அறிவர். அதே அத்தியாயத்தில் வரும் கிழவியின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவள் வெயிலிற் காயவிட்டிருந்த அரிசி காலந்தப்பிப் பெய்த மழையில் நனைந்து கெட்டது. அவள் சென்று மணியை இழுத்தாள். மழைக்கு அரசன் என்ன செய்வான்? செயற்படுவதற்கு வழியில்லாத நிகழ்வை எச்சரிக்கையாக்கலாகாது என்று இன்றைய பொறியியல் நூல்கள் போதிக்கும். அந்நூல்களின்படி கிழவியின் மணி பட்டியலில் இடம்பெறத் தகாத மணி. எந்த வரிசைப்படுத்தும் கருவியும் அதனை முதலில் நீக்கிவிடும். எல்லாளனோ மழை உரிய வேளையிற் பெய்யவேண்டுமென நோன்பிருந்தான் என்கிறது மகாவமிசம். கதையின் தெய்விகத்தை நம்பாதவரும் ஒன்றை ஒப்புவர்: தன்னால் ஆவது ஏதும் உண்டா என்று எண்ணிப்பார்க்கும் பொறுப்பை அரசன் கயிற்றின் மறுமுனையிலிருந்தவள் மீது சுமத்தவில்லை.

பொறியியல் விதியைப் பழிப்பதற்காக இக்கதை கூறப்படவில்லை. ஆயிரம் வீண்மணிகளிடையே ஓர் உண்மைமணி மூழ்கிப்போவதைத் தடுக்க அவ்விதி அவசியமானது. அரண்மனையிற் கயிறு ஒன்றே ஒன்றாக இருந்ததனாலேதான் எல்லாளனால் அவ்வாறு கேட்க முடிந்தது என்றுஞ் சொல்லலாம். வேண்டப்படுவது, எவை நீக்கப்பட்டன, எந்த விதியின்படி, யாருடைய தீர்மானத்தினால் என்பவற்றைக் கருவியின் குறிப்பு மறைக்காது கூறுதலே. நீக்கியவரின் பெயர் தெரிந்தால், நீக்கப்பட்டவர் சென்று முறையிட ஒரு வாயில் இருக்கும்.

பெயர் என்ற இச்சொல் ஒப்புகை பற்றிய வினாவுக்கு இட்டுச்செல்கின்றது. எச்சரிக்கையைக் கண்டவர் அதனைக் கண்டதாகப் பதிவுசெய்வதே ஒப்புகை. இது ஆபத்தை நீக்குவதில்லை. குளிரறை முன்போல வெப்பமாகவே இருக்கும். மாறுவது மனிதரிடையேயுள்ள நிலை. ஒருவர் ஒப்புகை தந்தபின், இவ்விடயம் இனி அவருடையது என மற்றவர்கள் கைவிட்டுச் செல்வர். ஆகவே ஒப்புகை வாக்குறுதியின் இனத்தைச் சேர்ந்தது எனலாம். பாக்நெற் இதனை எவ்வளவு கவனமாக அமைத்திருக்கின்றது என்பது நோக்கற்பாலது. ஒப்புகை தருபவர் எந்த நேரத்து, எந்த நிலைமாற்றத்துக்கு அதனைத் தருகின்றார் என்பதைக் குறிப்பிடவேண்டும். நேரம் ஒவ்வாதாயின் அவ்வொப்புகை ஏற்கப்படாது. காணாத ஒன்றுக்கு எவரும் கையொப்பமிடலாகாது என்பதே இதன் கருத்து. தருபவர் யார் என்பதை எழுதுவதற்கும் ஓரிடம் விடப்பட்டுள்ளது. அவ்விடத்தில் மனிதரின் பெயரும் வரலாம், ஒரு செயன்முறையின் பெயரும் வரலாம்.

இங்கேதான் முகவரின் நிலை கேள்விக்குள்ளாகின்றது. பட்டியலைப் படிப்பதற்குக் களைப்பின்மை போதும். வாக்குறுதி தருவதற்கு, தவறினாற் கேட்கப்படக்கூடிய ஒருவராக இருத்தல் வேண்டும். முகவரைக் கேள்வி கேட்கலாம். அது பணிவோடு விடையும் தரும், மன்னிப்பும் கோரும். ஆனால் அதற்கு இழப்பதற்கு எதுவும் இல்லை. நேற்றிரவு தான் செய்ததன் சுமையோடு இன்று காலை பணிக்கு வருவதும் இல்லை. அதன் பெயரில் ஒப்புகை பதியப்பட்ட கணமே, கட்டடத்திலுள்ள மனிதர் யாவரும் இனி இது வேறெவருடையதோ என்று கைவிட்டுச் செல்வர். அந்த வேறெவரோ இருக்கமாட்டார். முகவர் முரட்டுத்தனமாகத் தவறு செய்தால் யாரேனும் கண்டுகொள்வர். எவரும் ஏற்காத ஒன்று ஏற்கப்பட்டதுபோலப் பதிவேட்டில் அமைதியாக அமர்ந்திருந்தால் அதனைக் கண்டுகொள்வார் இல்லை. ஆதலாற் பட்டியலிடும் கருவியும் ஒப்புகை தரும் கருவியும் ஒன்றாயிருத்தல் தகாது. முன்னையது பார்ப்பதற்கு மட்டுமே உரியது, எதனையும் மாற்றாது என்பதைக் குறிப்பு தெளிவாகச் சொல்லவேண்டும். பின்னையதைப் பயன்படுத்துமுன் அவ்வேளையிற் பணியிலுள்ள மனிதரொருவரின் பெயர் வேண்டப்பட வேண்டும். அவர் அறியாமல் அவர் பெயர் இடப்படவும் கூடாது.

இதற்கு எழும் தடை நடைமுறை சார்ந்தது. நள்ளிரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை எழுந்தால் அந்த மனிதர் எழுப்பப்படவேண்டும். பத்து இரவுகளில் ஒன்பதிற் காரணம் அற்பமாயிருக்கும். முகவரை அமர்த்தியதே அவர் உறங்கவேண்டும் என்பதற்காகத்தானே என்று கட்டடத்தின் உரிமையாளர் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. மணியைத் தலைமாட்டில் தொங்கவிட்டவன் உறக்கத்தின் விலையை அறிந்தே தொங்கவிட்டான் என்றாலும், எல்லோரும் எல்லாளனாதல் இயலாது. கூலிக்கு வேலை செய்பவனிடம் அதனை எதிர்பார்த்தலும் நீதியன்று. எந்த எச்சரிக்கைக்கு மனிதரை எழுப்பலாம், எதற்கு விடியும்வரை காத்திருக்கலாம் என்பதை உரிமையாளரும் பணியாளரும் கூடியிருந்து பகலிலேயே தீர்மானித்து எழுதிவைத்தல் ஒரு வழி. எழுதும்போது இருவரும் தூக்கக் கலக்கமின்றி இருப்பர் என்ற நன்மையேனும் அதில் உண்டு.

2010ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆம் திகதி இரவு மெக்சிக்கோ வளைகுடாவில் ‘டீப்வோட்டர் ஹொரைசன்’ என்னும் துளைமேடை வெடித்து 11 பேர் மாண்டனர். அதே ஆண்டு யூலையில், மேடையின் தலைமை மின்னணுத் தொழினுட்பவியலாளர் விசாரணையிற் சாட்சியமளித்தார். மேடையெங்கும் ஒலிக்கவேண்டிய பொது எச்சரிக்கை மணி தானாக ஒலியாதவாறு நெடுங்காலமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததாகவும், பொய்யான எச்சரிக்கைகளால் அதிகாலை மூன்று மணிக்கு மக்கள் விழித்தெழுவதை மேலிடத்தார் விரும்பாமையே அதற்குக் காரணமென்று தமக்குக் கூறப்பட்டதாகவும் அவர் தெரிவித்தார். நிலைமையை ஒருவர் உறுதிசெய்தபின் மணியை ஒலிக்கச்செய்யும் இம்முறை கடற்றொழிலில் வழமையானதே என்று மேடையின் உரிமையாளரான கம்பனி விடையளித்தது. உணரிகள் யாவும் இயங்கிக்கொண்டிருந்தன. அவை உணர்ந்தவை கணினித் திரையிலே வரிவரியாகத் தோன்றும். மணி மட்டும், திரையின் முன் இருப்பவர் கையை நீட்டினாலன்றி, ஒலிக்காது.